வழுவழுப்பான முகம்

கஸ்பார் உறுதிமொழி எடுக்கவேண்டிய சுவரில் காரை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. கோயில் முற்றத்தில் ஆளுயரப் பலகைகளைச் சுவராக நிறுத்தி, விரல் கனத்துக்குச் சங்குச் சுண்ணாம்புக் காரையைப் பூசியிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் பேசி முடித்துவிட வேண்டும். காரை இறுகிவிட்டால் அதன் காது அடைத்துப் போகும்.

வரிசையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லோருக்கும் வலது தோளில் சிவப்புத் துணியில் வெட்டித் தைத்த சிலுவை. ஒவ்வொருவராக முன்னே போய், மூச்சுக்காற்று சுவரில் படும் தூரத்தில் நின்று, பெயரையும் ஊரையும் சொல்லி, "தெல்மாராவை மீட்காமல் திரும்ப மாட்டேன்" என்றார்கள். சிலருக்குக் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தையும் காரை வாங்கிக்கொண்டது.

அந்தக் கடற்கரையில் காகிதத்தை யாரும் நம்புவதில்லை. கல்யாணமா, படகு விற்பனையா, உயிலா, எல்லாம் ஈரக்காரையின் முன்தான். மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் பலகைமுன் வாக்குக் கொடுப்பான். அந்தப் பலகை வீட்டு நிலைக்கு மேலே தொங்கும். பத்து வருஷம் கழித்துச் சண்டை வந்தால், "அன்னைக்கு என்ன சொன்னீரு? பலகைய எறக்கட்டுமா?" என்று அவள் கேட்பாள். பெரும்பாலான சண்டைகள் அதோடு முடிந்துவிடும். பலகையை நிஜமாகவே இறக்கிக் கேட்டவர்கள் வருத்தப்பட்டார்கள். வாக்கோடு சேர்த்து, அன்றைக்கு மாமியார் பின்னால் நின்று முணுமுணுத்ததும் கேட்கும்.

இத்தனைக்கும் காரணம் காரைச்செவி என்ற கருவி. சுண்ணாம்பு காற்றை உறிஞ்சிக் கல்லாகிறது. கல்லாகும் அந்தச் சில மணி நேரத்தில், அருகே எழும் ஒவ்வோர் ஓசையும் அதன் நுண்மணிகளை இம்மியளவு சாய்த்துவிடுகிறது. முகப்பிலிருந்து உள்நோக்கி ஏடு ஏடாக ஒளியால் தடவிப் படித்தால் ஓசை திரும்பி வரும். பாலங்களில் விரிசல் தேடத்தான் பொறியாளர்கள் முதலில் அதைச் செய்தார்கள். பிறகு யாரோ ஒருவர் விளையாட்டாக ஒரு பழைய மண்டபத்துச் சில்லை அதில் வைத்தார். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொத்தனார் தும்மியது கேட்டது. அதற்குப் பிறகு வரலாறு படிப்பவர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

முற்றத்தின் ஓரத்தில், மற்றத் தாய்மாரோடு அமலோற்பவம் நின்றாள். ஐம்பத்து நான்கு வயது. கடலோரக் காரைச்செவிக் கூடத்தில் தலைமைச் செவியாளர். சுண்ணாம்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு உலகத்திலேயே நான்கைந்து பேருக்குத்தான் தெரியும் என்பார்கள்.

"ஒங்க காதுக்குத் தங்கத்துல தோடு செஞ்சு போடணும் அக்கா" என்றாள் பக்கத்தில் நின்றவள். "நீங்க மட்டும் கேட்டுச் சொல்லலன்னா அந்தப் பதினேழு பேரையும் யாருக்குத் தெரியும்?"

அமலோற்பவம் சிரிக்க முயன்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவள் காதால்தான் அங்கே வந்திருந்தார்கள். அவளுடைய ஒரே மகனும்.

எட்டு வருஷத்துக்கு முன் தெல்மாராவிலிருந்து ஓர் உள்ளங்கையளவு காரைச் சில்லு வந்தது. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன மலையூர் தெல்மாரா. ஆயிரம் வருஷத்துக்கு முன், மேற்கே இருந்து சிலுவை தரித்த படைகள் புனித பூமியை மீட்கப் புறப்பட்ட காலத்தில், அந்த ஊரும் முற்றுகைக்கு ஆளாயிற்று. அங்கே ஒரு பாறைக்கோயிலைத் தோண்டியபோது அதன் வாசல் கல்லும் காரையும் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. உள்ளே பதினேழு பேருடைய எலும்புகள், ஆண், பெண், வயது பிரிக்க முடியாத அளவுக்குப் பொடிந்து. வாசலை அடைத்த காரையிலிருந்துதான் அந்தச் சில்லு.

அமலோற்பவம் அதைக் கேட்டாள். லத்தீனில் ஒரு பாட்டு. ஆண்குரல்கள் ஒன்றாக, தயக்கமே இல்லாமல், கடவுளுக்கு நன்றி சொல்லிப் பாடின. உயிரோடு சுவர் வைத்து அடைக்கப்பட்டவர்கள் மூச்சு அடங்கும்வரை நன்றி சொல்லிப் பாடியிருக்கிறார்கள் என்று அவள் அறிக்கை எழுதினாள். எழுதும்போதே அழுதாள். சிலுவைப் படையில் பிடிபட்டவர்களை ஊர்க்காரர்கள் இப்படிக் கொன்றிருக்கிறார்கள் என்று மற்றவர்கள் அதன்மேல் எழுதினார்கள். ஒரே வருஷத்தில் நாற்பது நாடுகளில் ஞாயிறு பூசைகளில் தெல்மாராக் கீதத்தைப் பாடினார்கள். தமிழிலும் பாடினார்கள். பிறகு, அந்தப் பதினேழு பேர் கிடந்த மண் நம்முடையதாக வேண்டாமா என்று யாரோ ஒருவர் கேட்டார். கேட்டது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை.

உறுதிமொழி முடிந்து கஸ்பார் வந்தான். இருபத்தாறு வயது. படகு இயந்திரம் பழுது பார்ப்பவன். எப்போதும் விரலிடுக்கில் கறுப்பு மசகு இருக்கும். இன்று தேய்த்துக் கழுவியிருந்தான்.

"எம்மா, கேட்டுதா? கொரல் உடையலல்லா?"

"நல்லாத்தான் சொன்ன எய்யா." சற்று நடந்த பிறகு கேட்டாள். "அந்த ஊர்ல இப்பம் ஆறாயிரம் பேரு இருக்காவளாமே. ஆடு வச்சிருக்கவிய, ஒலிவமரம் வச்சிருக்கவிய. அவிய எங்க போவாவ?"

"வேற எடம் குடுப்பாவ."

"எங்க?"

"அதெல்லாம் பயணத்த நடத்துத மச்சாது ஐயா பேசிருக்காவம்மா. நாங்க அடிக்கவா போறோம்? கையில கழிதான். அதும் தற்காப்புக்கு."

கப்பல் ஒன்பது நாளில். போகாதே என்று ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. தானே மூட்டிய அடுப்பில் கொதிக்காதே என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் கூடத்துக்குத் தெல்மாராவிலிருந்து புதிதாக ஒரு பெட்டி வந்தது. அங்கே அகழ்வை நடத்துபவள் நஜ்லா. அந்த ஊர்ப் பெண். வாசலின் அடிவரிசையில் உப்புப் படாத பதினொரு காரைத் தகடுகள் கிடைத்திருப்பதாகவும், இரண்டு முகமும் பழுதில்லாமல் இருப்பதாகவும் எழுதியிருந்தாள். ஏழாம் தகட்டில் மட்டும் விரல் நுழையும் ஒரு துளை. பழுது என்று குறித்திருந்தாள்.

எட்டு வருஷத்துக்கு முன் வந்த முதல் சில்லில் ஒரு முகம் வழுவழுப்பாக இருந்தது. மறுமுகம் சொரசொரப்பாக, உப்பு தின்று போயிருந்தது. வழுவழுப்பான முகத்தில்தான் பாட்டு. சொரசொரப்பான முகத்தில் ஏதோ இரைச்சல். கொலைகாரர்களின் இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டிருந்தாள். இந்தத் தடவை இரைச்சலிலிருந்தே தொடங்கினாள். கப்பல் புறப்படுமுன் கொன்றவர்கள் யாரென்று தெரியட்டும் என்று மச்சாது கேட்டிருந்தார்.

கூடத்தில் அன்றைக்குக் குளிரூட்டி பழுது. அதைச் சரிசெய்ய மார்த்தாண்டத்துக்காரரான கீவர்கீஸ் ஏணிமேல் நின்றிருந்தார். அவள் ஓசையைத் திறந்தாள்.

முதலில் இருமல். ஒரு குழந்தை விட்டுவிட்டு அழுதது. ஒரு பெண் தாழ்ந்த குரலில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பல குரல்கள் சேர்ந்து, மெதுவாக, எதையோ சொல்லத் தொடங்கின.

ஏணிமேலிருந்து திருப்புளி விழுந்தது.

"அக்கா, இது ஆருக்க சத்தமாக்கும்?"

"கொன்னவிய. சுவருக்கு வெளிய நின்னவிய."

கீவர்கீஸ் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "கொன்னவனுவ எதுக்கு அக்கா 'எங்கள் பிதாவே' சொல்லணும்?"

"என்ன சொல்லுதீய?"

"'ஆபூன்'னு தொடங்குதே, கேக்கேலியா? சுறியானி, கெழக்குநாட்டு பழைய கிறிஸ்தியானிமாருக்க பாஷையாக்கும். எங்க குர்பானை பூசையில இப்பவும் உண்டு. சின்னதுல நான் பீடத்துக்குப் பக்கத்துல மணியும் பிடிச்சிட்டு நின்னு சொன்னதாக்கும். ராகம் வேற. ஆனா இதுதான். இதேதான்."

அமலோற்பவம் இன்னொரு தடவை ஓட்டினாள். கீவர்கீஸ் உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய குரல்களும் குளிரூட்டிக்காரரின் குரலும் ஒரே இடத்தில் நின்றன, ஒரே இடத்தில் மூச்சு வாங்கின.

அவள் தகட்டைக் கையில் எடுத்தாள். வழுவழுப்பான முகத்தைக் கட்டைவிரலால் தடவினாள். எட்டு வருஷத்துக்கு முன்னும் இப்படித்தான் தடவி, 'உட்புறம்' என்று எழுதினாள். அவள் ஊரில் வீட்டின் உள்சுவரைத்தான் முட்டை வெண்கரு கலந்து, கூழாங்கல்லால் முகம் தெரியும்வரை இழைப்பார்கள். வெளிச்சுவரைக் கடற்காற்று எப்படியும் தின்னப்போகிறது. அதை யாரும் இழைப்பதில்லை. வழுவழுப்பு என்றால் உள்ளே. அவள் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் உள்ளே நின்று இழைத்தவன் எப்படி வெளியே வந்தான்?

வாசலை அடைப்பவன் வெளியேதான் நிற்பான். தன் கை எட்டும் முகத்தை இழைப்பான். கற்களின் இடுக்கு வழியாகக் காரை மறுபக்கம் இருட்டில் பிதுங்கும். அதைத் தொட்டு மழுக்க அங்கே கொத்துக்கரண்டி ஏது? சொரசொரப்பான முகம்தான் உட்புறம்.

"ஆண்டவரே" என்றாள் அவள். பாடியவர்கள் வெளியே நின்றவர்கள்.

அன்றும் மறுநாளும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பதினொரு தகட்டையும் இரு முகமும் கேட்டாள். மொழிபெயர்ப்பி வரி வரியாகத் தமிழில் தந்தது. ஊர் விழுந்த மறுநாள் அது. உள்ளே இருந்தவர்கள் படைவீரர்கள் அல்லர். அந்த ஊரின் பழைய கிறிஸ்தவர்கள்; மேற்கே பாதி நாடுகள் கிறிஸ்துவின் பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே அந்தப் பாறைக்குள் அப்பம் பிட்டவர்களின் வழி வந்தவர்கள். அக்கம்பக்கத்து வேற்று மதத்தாரைப் போலவே உடுத்தியிருந்தார்கள், தாடி வைத்திருந்தார்கள். சிலுவை தரித்து வந்தவர்களுக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை, அவர்கள் பேசியதும் புரியவில்லை.

வெளிப்புற முகத்தில், பாட்டு நின்ற ஓர் இடைவெளியில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"இவர்களும் சிலுவை அடையாளம் போடுகிறார்களே."

"உயிருக்குப் பயந்தால் எவனும் போடுவான். சீக்கிரம் அடை. இன்று ஆண்டவருடைய நாள், இரத்தம் சிந்தக் கூடாது."

பிறகு பாட்டு திரும்பவும் தொடங்கியது. அவள் எட்டு வருஷமாக ஞாயிறுதோறும் கண்ணை மூடிக்கொண்டு பாடிய பாட்டு.

ஏழாம் தகட்டைக் கடைசியாக எடுத்தாள். துளையின் சுவரிலும் காரை இறுகியிருந்ததால் இரண்டு பக்கமும் அதில் கேட்டன. வெளியே பாட்டு தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. கரண்டி சுரண்டும் ஓசை. ஒரு நாணற்குழாயை ஈரக்காரைக்குள் திருகிச் செருகும் ஓசை. பிறகு தண்ணீர். சொட்டுச் சொட்டாக, அப்புறம் மெல்லிய ஒழுக்காக. உள்ளே அந்தக் குழந்தை அழுகையை நிறுத்தியது. விழுங்கும் ஓசை கேட்டது. வெளியே கொத்தன் ஒரே ஒரு சொல் சொன்னான். அது எந்த மொழி என்று மொழிபெயர்ப்பிக்குத் தெரியவில்லை. வேகமாக அவன் நடந்து போனது கேட்டது.

நஜ்லா பழுது என்று எழுதிய இடத்தில் அமலோற்பவம் உதட்டை வைத்து முத்தமிட்டாள். அந்த மலையில் அன்றைக்குக் கடவுள் எங்கே இருந்தார் என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு அவளிடம் அந்த விரலளவு இடம்தான் இருந்தது.

லெயோன் மச்சாது நல்ல மனிதர். எழுபது வயதில், தன் இரண்டு படகையும் விற்று மீட்புப் பயணத்துக்குக் கொடுத்தவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். உட்புற முகத்தைக் கேட்டபோது முழந்தாளிட்டார். அழுது முடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தாயே, இன்னும் அஞ்சு நாள்ல கப்பல். நாப்பது நாட்டுலருந்து ஆளு வருது."

"அதுக்குத்தான் ஐயா ஓடி வந்தேன். நிறுத்துங்க."

"பாட்டு நல்ல பாட்டுதான? வேதத்துல உள்ள வார்த்தைதான? பாடுனவன் யாரா இருந்தா என்ன?"

"உள்ள பிள்ள செத்துக்கிட்டிருக்கும்போது பாடுன பாட்டு ஐயா."

"நம்ம பிள்ளைய அப்படி நெனச்சா பாடுதாவ? சுத்தமான மனசோட பாடுதாவ. அத ஏன் கெடுக்கணும்?" அவர் குரல் கெஞ்சியது. "கப்பல் போயிட்டு வரட்டும். பெறவு நிதானமா அறிக்கை விடுவோம்."

"தப்பு என் தப்பு. நான்தான் சொல்லணும்."

"உங்க தப்பு பெரிய தப்பு தாயே" என்றார் மச்சாது, கோபமில்லாமல். "ஆனா இப்பம் அது உங்களது மட்டும் இல்ல. எல்லார்க்கும் ஆயிட்டு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு அவள் ஒலிபெருக்கி முன் நின்றாள். வழுவழுப்பு உள்ளே என்று நினைத்துவிட்டேன், என்னை மன்னியுங்கள் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று ஓசைகளையும் போட்டாள்: வெளியே இருந்த பாட்டு, உள்ளே இருந்த செபம், நடுவே இருந்த தண்ணீர். தண்ணீர் ஓசை வந்தபோதே பின்வரிசையில் ஒருவர் "காசு வாங்கிட்டுப் பேசுதா!" என்று கத்தினார். இன்னொருவர் அவர் சட்டையைப் பிடித்தார். மாலைக்குள் அவள் சொன்னது நாற்பது நாட்டுக்கும் போய்விட்டது.

கஸ்பார் இரண்டு நாள் கைபேசியும் கையுமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். மூன்றாம் நாள் காலை, சிறிய கத்தரியை எடுத்து, வலது தோளில் இருந்த சிலுவையின் தையலை ஒவ்வோர் இழையாகப் பிரித்தான். அவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அவன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அவள் உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, அவன் ஊசியில் நூல் கோத்தான். அதே சிலுவையை இடது தோளில் வைத்துத் தைக்கத் தொடங்கினான்.

"என்னய்யா இது?"

"அந்தப் பதினேழு பேருக்கும் யாரு இருக்கா எம்மா?" தலை நிமிராமல் சொன்னான். "ஏமாத்திட்டானுவ. கொன்னவன் பாட்ட நம்மளயே பாட வச்சிட்டானுவ. இன்னும் பாடிக்கிட்டுப் போறவனுவள சும்மா விடணுமா? அவனுவளுக்கு முந்தி நாங்க போயி அந்த வாசல்ல நிக்கணும். நேத்துலருந்து நாப்பது நாட்டுலயுமா ஆயிரத்தி எண்ணூறு பேரு சேந்திருக்கோம். 'ஆபூன்' படிச்சிக்கிட்டிருக்கோம். கீவர்கீஸ் அண்ணன்கிட்டதான் கேட்டோம், அவரு மாட்டேன்னுட்டாரு. வேற ஆளு கெடச்சிட்டு."

"அந்த ஆறாயிரம் பேரு?"

"அவியளயும் நாங்கதான் காப்பாத்தணும்."

"அவிய கேட்டாவளா?"

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "நீதான எம்மா கேட்டுச் சொன்ன."

துறைமுகத்தில் ஒரு கப்பலுக்குப் பதில் இரண்டு கப்பல் நின்றன. நடுவே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வலத்தோள்காரர்கள். இந்தப் பக்கம் இடத்தோள்காரர்கள். ஒரு வாரத்துக்கு முன் இரண்டு பெயரும் இல்லை. இப்போது குழந்தைகள்கூடச் சொன்னார்கள். உண்மை தெரிந்தால் கூட்டம் குறையும் என்று அமலோற்பவம் நம்பியிருந்தாள். இரண்டு மடங்கு ஆகியிருந்தது. தெல்மாராக் கீதத்தை விடமாட்டோம் என்று மச்சாதுவின் ஆட்கள் முன்னைவிட உரக்கப் பாடினார்கள். இவர்கள் சுறியானிச் செபத்தை முஷ்டி உயர்த்திச் சொன்னார்கள். 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிப்பது போல' என்ற இடம் வந்தபோதும் முஷ்டி இறங்கவில்லை.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மகனிடம் போனாள். காதில் வைக்கும் சின்ன ஒலிக்குமிழை நீட்டினாள்.

"எம்மா, கூப்பிட்டாச்சி. ஏறணும்."

"ரெண்டு நிமிசம் எய்யா. இத மட்டும் கேளு. கோயில்ல போட்டேன், சண்டையில யாருக்கும் காதுல விழல."

அவன் வைத்துக் கேட்டான். நாணல், தண்ணீர், அந்த ஒற்றைச் சொல். முகம் சற்று இளகியது. இயந்திரத்தின் கோளாறைக் காதால் தேடும்போது இருக்கும் முகம்.

"யாரு எம்மா இது?"

"கொத்தன். வாசல அடச்சவன்."

"எந்தப் பக்கத்து ஆளு?"

"தெரியல. அவன் சொன்னது எந்தப் பாஷைன்னே யாருக்கும் தெரியல."

"சுவர ஒடைக்கலியே?"

"ஒடைக்கல. பயந்திருப்பான்."

"பதினேழு பேரும் செத்துத்தான போனாவ?"

"செத்துத்தான் போனாவ."

"பெறவு என்னம்மா? பேரு தெரியாத ஒருத்தன் ஒரு மடக்குத் தண்ணி குடுத்தாங்கறதுக்காக யாராவது கப்பல் ஏறுவாவளா?"

"யாரும் ஏற வேண்டாம்னுதானய்யா சொல்லுதேன்."

அவன் அவளையே பார்த்தான். பின்னாலிருந்து யாரோ "கஸ்பாரு, வாலே!" என்று கூப்பிட்டார்கள். ஒலிக்குமிழைக் கழற்றி, வேர்வை போகச் சட்டையில் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். படியில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் தையல் கோணலாக இருந்தது.

இரண்டு கப்பலும் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுக வாயைக் கடந்தன. எது முன்னே போவது என்று அங்கேயே ஒரு தகராறு. காற்று திரும்பும்போதெல்லாம் பாட்டும் செபமும் கலந்து வந்தன. எது எந்தக் கப்பலிலிருந்து வருகிறது என்று உலகத்தின் நான்கைந்து காதுகளில் ஒன்றான அவள் காதுக்கே பிடிபடவில்லை.

ஆறாம் நாள் நஜ்லாவிடமிருந்து கடிதம் வந்தது.

"அம்மா, இரண்டு கப்பலையும் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒன்று இந்த மண்ணை எங்களிடமிருந்து காப்பாற்ற வருகிறது, மற்றொன்று எங்களைக் காப்பாற்ற வருகிறது என்கிறார்கள். போக இடம் உள்ளவர்கள் போய்விட்டார்கள். மற்றவர்கள் கடலைப் பார்த்த சன்னல்களையும் கதவுகளையும் கல் வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே பூச ஆள் இல்லை. உள்ளே நின்றே பூசுகிறார்கள். இங்குள்ளவர்களுக்கும் உங்கள் கருவியைப் பற்றித் தெரியும். எங்களுக்கு ஏதாவது ஆனால், நாங்கள் யார், என்ன பேசினோம் என்று பிறகு வருபவர்கள் தப்பில்லாமல் கேட்கவேண்டும் என்கிறார்கள். ஒரே ஒரு கேள்வியைத்தான் உங்களிடம் கேட்கச் சொன்னார்கள். பூசிய பிறகு பேசுவதற்கு எங்களுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது?"

அமலோற்பவம் தொழில் தெரிந்தவளாக எழுதினாள். அந்த ஊர்க் காற்றில் நான்கு மணி நேரம். காரையை விரல் கனத்துக்குக் குறையாமல் பூசுங்கள். உள்முகத்தை நன்றாக இழையுங்கள். எது உட்புறம் என்று ஈரத்திலேயே ஆணியால் கீறி எழுதிவிடுங்கள்.

அனுப்பப் போனவள் நிறுத்தினாள். கடைசியில் இன்னொரு வரி சேர்த்தாள்.

"ஒவ்வொரு சுவரிலும் ஒரு விரல் நுழையும் துளை விடுங்கள். தண்ணீர் ஊற்ற, இரண்டு கப்பலிலும் சேர்த்து ஒருவனாவது இருப்பான்."